கட் சொன்ன பிறகு ஐந்து விநாடி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்தவர்களிடம் கடைசி செமஸ்டர் குறும்படத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் டைரக்‌ஷன் என்பார்கள். குழுவுக்கு ஆறு பேர், இயக்குநர் ஒருவர். கணக்கு எங்கோ உதைக்கும். நான் பார்த்தது புரொடக்‌ஷனும் கண்டினியூட்டியும், அதாவது படப்பிடிப்பு ஏற்பாடுகளும், ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதும். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சின்ன அனுதாபம் வந்து போகும். பழகிவிட்டது.

2013 தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் அந்தப் படத்தை எடுத்தோம். எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் டைரக்டர் ஆசை இருந்ததில் தப்பில்லை. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய பாலாஜி மோகன், கார்த்திக் சுப்பராஜ் இருவரின் முதல் முழுநீளப் படங்களும் 2012-ல் தியேட்டருக்கு வந்துவிட்டன. அடுத்து நளன் குமரசாமியின் படம் வருகிறது என்று பேச்சு. வருடக்கணக்கில் உதவி இயக்குநராக அலைந்து, க்ளாப் அடித்து, கண்டினியூட்டி எழுதி, அதற்கப்புறம்தான் சொந்தப் படம் என்றிருந்த நிலைமை எங்கள் கண்முன்னால் மாறிக்கொண்டிருந்தது. கேமராவும் கைக்கு எட்டிவிட்டது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்ததிலிருந்து போட்டோ கேமராவிலேயே படம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. அதைவிடக் குறைந்த விலை 600டி ஒன்று எங்கள் டிபார்ட்மென்ட்டிலேயே இருந்தது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை பிரித்த லட்சணத்தைச் சொல்கிறேன். டைரக்‌ஷனுக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். யார் கதை தேர்வாகிறதோ அவன் டைரக்டர் என்று முடிவானது. சொந்தமாக 50 எம்எம் லென்ஸ் வைத்திருந்தவன் கேமரா. நல்ல லேப்டாப் வைத்திருந்தவன் எடிட்டர். கல்யாண வீட்டில் தெர்மோகோல் வெட்டிப் பழகியவன் ஆர்ட். சவுண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. ஹாஸ்டலில் இருந்த என் தோழி, சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள் என்ற ஒரே தகுதியில், அதை எடுத்துக்கொண்டாள். எனக்கு, “நீ கணக்கெல்லாம் ஒழுங்கா எழுதுவ” என்று மிச்சம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பெண் பிள்ளை என்றால் நோட்டு எழுதுகிற வேலை என்று எல்லோருக்கும் எப்படித்தான் ஒரே நேரத்தில் தோன்றுகிறதோ. ஹாலிவுட்டில் கண்டினியூட்டி பார்ப்பவருக்கு வெகுகாலம் ‘ஸ்கிரிப்ட் கேர்ள்’ என்றே பெயர். கோடம்பாக்கத்தில் அதே வேலையை உதவி இயக்குநர்கள் பார்த்தார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் அங்கே அது டைரக்டர் ஆவதற்கான பயிற்சி என்று கணக்கு. வேலை என்னவோ ஒன்றுதான். இதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது.

கதை இதுதான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஒரு பெரியவர் கடையை மூடப்போகிறார். சீனியர் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் மட்டும் கடைசி வரை வந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. இந்தியாவில் டைப்ரைட்டர் தயாரிப்பே நின்றுவிட்டது என்று 2011-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது எங்கள் டைரக்டருக்குத் தோன்றியதாம். உண்மையில் அந்தச் செய்திக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் தட்டச்சர் வேலை இருக்கிறவரைக்கும், வருடத்துக்கு இரண்டு முறை ஜூனியர், சீனியர் பரீட்சை நடக்கிறவரைக்கும் இன்ஸ்டிட்யூட் ஓடும். நாங்கள் படம் எடுக்கப் போன இடத்திலேயே காலையில் ஆறு மணிக்கு மிஷின் கிடைக்காமல் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மூடப்போகிற இன்ஸ்டிட்யூட் பற்றிய படத்தை, கூட்டம் தாங்காத இன்ஸ்டிட்யூட்டில் எடுத்தோம்.

தெற்கு பஜார் பக்கம் ஒரு மாடியில் இருந்தது அது. நடத்தியவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காலை பேட்ச் பத்து மணிக்கு முடியும், மாலை பேட்ச் நான்கு மணிக்கு ஆரம்பிக்கும். நடுவில் இருக்கிற நேரம் எங்களுக்கு. வாடகை வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: “மிஷினை இடம் மாத்துனியன்னா திருப்பி அதே இடத்துல வச்சிரணும், கேட்டியளா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மிஷின் கை பழகியிருக்கும்.”

என் முதல் பாடம் அந்த ஆறு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைப்பது மாதிரி படம் கதை வரிசையில் எடுக்கப்படுவதில்லை. ஜன்னல் மேற்குப் பக்கம். இரண்டு மணிக்கு மேல்தான் வெயில் உள்ளே விழும், ஆகவே மாலைக் காட்சிகள் எல்லாம் அப்போதுதான். ஹாஸ்டல் கேட் ஆறு மணிக்குச் சாத்துவார்கள், ஆகவே தெருவில் எடுக்கும் இரவுக் காட்சிக்கு சவுண்டு ஆள் கிடையாது, அந்தக் காட்சியில் வசனமே வேண்டாம். பெரியவராக நடித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் நாடகம் போட்டவர். அவர் பேரனைப் பள்ளியிலிருந்து மூன்றரைக்குக் கூட்டிவர வேண்டும். இதற்கெல்லாம் மேலே கரண்ட்.

அந்த வருடத்துக் கரண்ட் கதையை இப்போது காலேஜ் சேர்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் 2012 கடைசியில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போன காலம் அது. கூடங்குளம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் முதல் உலை மின்தொகுப்பில் சேர்ந்தது 2013 அக்டோபரில், நாங்கள் மார்க் ஷீட் வாங்கிப் போன பிறகு. ஆக, எங்கள் படப்பிடிப்பு அட்டவணையை எழுதியது பாதி நான், பாதி மின்வாரியம்.

ஒரு பெரிய சார்ட்டில் காட்சிகளைத் துண்டுச் சீட்டாக எழுதி ஒட்டி ஒட்டி மாற்றினேன். டியூப்லைட் தெரிகிற ஷாட் ஒரு நிறம், ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும் என்கிற ஷாட் ஒரு நிறம், தலைமையாசிரியர் சார் இல்லாமல் எடுக்கக்கூடியது இன்னொரு நிறம். கரண்ட் போனால் எதை எடுப்பது என்பது கரண்ட் போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். உட்கார்ந்த குழுவை எழுப்புவது மகா கஷ்டம். சாப்பாட்டுக்கும் இதே விதி. முதல் நாள் யாரோ ஆசைப்பட்டார்கள் என்று மதியம் பிரியாணி வாங்கியதில் மூன்று மணி வரைக்கும் ஒரு ஷாட் நகரவில்லை. மறுநாளிலிருந்து எலுமிச்சை சாதம், தயிர் சாதம் பொட்டலம்தான். பதினோரு மணிக்கு டீ வரவில்லையென்றால் கேமராவுக்கும் டைரக்டருக்கும் சண்டை வரும் என்பதையும் கண்டுபிடித்தேன். லென்ஸ் பற்றிய சண்டை மாதிரி இருக்கும். பசிதான்.

லென்ஸ் பற்றியும் நிஜமான சண்டை ஒன்று இருந்தது. 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் முழுக்கத் திறந்து வைத்தால் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் கரைந்து அழகாகத் தெரியும். அப்போது வந்த குறும்படங்களில் பாதி அப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மங்கலின் முன்னால் நின்று சோகமாக இருப்பார். எங்கள் கேமராக்காரனும் அதைத்தான் செய்தான். “ஏல, இன்ஸ்டிட்யூட்டைப் பத்திப் படம் எடுக்கோம், இன்ஸ்டிட்யூட்டே தெரியல” என்று டைரக்டர் கத்தினான். இந்த விஷயத்தில் நான் டைரக்டர் பக்கம். வரிசையாக ரெமிங்டனும் ஃபேசிட்டும் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை தெரிந்தது. ஆனால் கேமராக்காரனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. லென்ஸின் திறப்பைக் குறைத்தால் வெளிச்சம் பத்தாது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை விநாடியில் 50-ல் ஒரு பங்குக்குப் பூட்ட வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு பொருந்தாத எண்ணில் வைத்தால் படத்தில் கோடு ஓடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடைசியில் ஜன்னல் பக்கம் மிஷின்களை நகர்த்தி, வெளிச்சத்தைத் திருப்ப எதிரே தெர்மோகோல் பிடித்து, பாதி தூரம் சமாதானமானார்கள். எந்த மிஷின் எங்கே இருந்தது என்று அண்ணாச்சிக்காகத் தரையில் சாக்பீஸால் எண் போட்டது நான்.

இனி கண்டினியூட்டி. இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தவன் அதில் என்னென்ன மாறும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் வேறு கதை எழுதியிருப்பான். டைப்ரைட்டரில் இருக்கும் தாள் ஒவ்வொரு டேக்கிலும் வளரும். பெண் பேசிக்கொண்டே அடிக்கிறாள். முதல் டேக்கில் நான்கு வரி, மூன்றாவது டேக்கில் பதினொரு வரி. வைட் ஷாட்டில் நான்கு வரி இருந்து, க்ளோஸ்-அப்பில் பதினொன்று இருந்தால் வெட்டி ஒட்டும்போது தாள் தாவும். தாளோடு நகரும் கேரேஜ் வலப்பக்கம் நின்றதா இடப்பக்கம் நின்றதா என்பது வேறு. ஆகவே டேக்குக்கு ஒரு தாள் என்று முன்கூட்டியே நான்கு வரி அடித்த தாள்களை ஒரு ஃபைலில் தயாராக வைத்திருந்தேன். அடித்துக் கொடுத்தது காலை பேட்ச் பிள்ளைகள். அவர்களுக்கு அது பயிற்சி.

காலண்டர்தான் என்னை உண்மையிலேயே சோதித்தது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது, பெரிய எண்களில் தேதி போட்டது. கதை ஒரே நாளில் நடக்கிறது. நாங்கள் எடுப்பதோ வெவ்வேறு நாட்களில். அண்ணாச்சி தினமும் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பார். கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். சரி என்றார். மறுநாள் கிழித்திருந்தார். “கை தன்னால போயிருது தம்பி” என்றார். வருடக்கணக்கான பழக்கம், அவரை என்ன சொல்ல. காலண்டரைக் கழற்றி வைத்தால் வைட் ஷாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியில் அந்தக் காலண்டரை அச்சடித்துக் கொடுத்த பாத்திரக் கடைக்கே போய், இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மார்ச் மாதத்தில் காலண்டர் கேட்டு வந்த பெண்ணை அவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். அண்ணாச்சி காலண்டர் அவருக்கு, எங்கள் காலண்டர் எங்களுக்கு. ஷூட்டிங் ஆரம்பிக்கும்போது மாட்டி, முடிந்ததும் கழற்றுவோம்.

அப்புறம் மீசை. தலைமையாசிரியர் சாருக்கு நல்ல வெள்ளை மீசை. அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்ததே. நடுவில் ஒரு வார இடைவெளி விட்டு மறுபடி ஆரம்பித்த அன்று, கருகருவென்று சாயம் பூசிய மீசையோடு வந்து இறங்கினார். “படம்னா கொஞ்சம் நல்லா இருக்கணும்லா” என்றார், எங்களுக்கு உதவி செய்த சந்தோஷத்தோடு. யாருக்கும் கோபப்படக்கூட முடியவில்லை. முகப் பவுடரைக் குழைத்துத் தடவி, முந்தைய நாள் படங்களை செல்போனில் பார்த்துப் பார்த்து நரையைத் திருப்பிக் கொண்டுவந்தோம். பேசும்போது பவுடர் உதிர்ந்தது. அன்றைக்கு எடுத்ததில் அவர் பேசாத ஷாட்டுகள் மட்டும்தான் படத்தில் இருக்கின்றன. அவர் பேச வேண்டிய வசனத்தை மற்றவர் முகத்தின் மேல் ஓட்டினோம். படம் பார்த்த பலர் அந்தக் காட்சியில் பெரியவரின் மௌனம் அருமை என்றார்கள். டைரக்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

சவுண்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவிலேயே நிஜமாக ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டது அவள்தான் என்பது என் எண்ணம். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் நாள் அந்த அறையில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, “கேக்கேன்” என்றாள். டியூப்லைட்டின் சோக் ரீங்காரம் போடுகிறது. ஃபேன் டக் டக் என்கிறது. கீழே மாவு மில். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பேருந்து. நாம் வீட்டில் கேட்பதே இல்லாத சத்தங்கள் எல்லாம் மைக்கில் வரிசையாக வந்து உட்காரும். காது வேண்டாததை ஒதுக்கிவிடும், மைக்குக்கு அது தெரியாது.

ஃபேனை நிறுத்தினால் வியர்க்கும். வியர்த்தால் கண்டினியூட்டி போகும். அதற்காக டேக்குகளுக்கு நடுவில் ஃபேன், டேக்கில் ஃபேன் கிடையாது. வைட் ஷாட்டில் ஃபேன் சுற்றுவது தெரிகிறது, ஆகவே வைட் ஷாட்டில் வசனம் கிடையாது. மின்வெட்டு வந்தபோது முதலில் அவள் துள்ளிக் குதித்தாள். ஃபேன் இல்லை, சோக் இல்லை, மாவு மில் இல்லை. அந்தத் தெருவே அவளுக்காக வாயை மூடிக்கொண்டது. ஒரு நிமிடம்தான். வரிசையாக ஒவ்வொரு கடை வாசலிலும் ஜெனரேட்டர் உறும ஆரம்பித்தது. “ஏட்டி, கீழ போய் அஞ்சு நிமிசம் நிறுத்தச் சொல்லேன்” என்று என்னை அனுப்புவாள். ஜெராக்ஸ் கடைக்காரர், ஐஸ்கிரீம் கடைக்காரர் எல்லோரும் எனக்குப் பழக்கமானது அப்படித்தான். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஐஸ் உருகினால் யார் காசு கொடுப்பது, அவர் சொன்னது சரிதானே.

டைப்ரைட்டர் சத்தத்துக்கு அடியில் வசனம் கேட்காது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நடிக்கிற பெண் வசனம் பேசும்போது விசையைத் தொட்டுத் தொட்டு எடுப்பாள், முழுக்க அழுத்த மாட்டாள். பிறகு சவுண்டுக்காரி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நிஜமாக டைப் தெரிந்த காலை பேட்ச் பெண் ஒருத்தியை உட்கார வைத்து, அடிக்கிற சத்தம், வரி முடிய இன்னும் சில எழுத்து இருக்கும்போது மணி அடிக்கிற சத்தம், கேரேஜைத் தள்ளுகிற சத்தம், தாளை உருவுகிற சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தாள். ஜூனியர் வேகம் நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. கதையில் வரும் பெண் சீனியர் படிப்பவள் என்பதால் 45 வேகத்தில்தான் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். யாருக்குத் தெரியப்போகிறது என்றான் எடிட்டர். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும் என்றாள். அது உண்மைதான். திரையிட்ட அன்று பார்வையாளர் வரிசையில் இருந்து ஓர் அம்மா முதலில் கேட்டது, அந்தப் பிள்ளை எந்த இன்ஸ்டிட்யூட், நல்ல ஸ்பீடா இருக்கே என்றுதான்.

ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் அவள் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வாள். ரூம் டோன். யாரும் பேசாத வெறும் அறையின் சத்தம். பசியோடு, கிளம்புகிற அவசரத்தோடு ஆறேழு பேர் ஒரு நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கேமராக்காரன் ஒவ்வொரு முறையும் சிரித்துக் கெடுப்பான். மறுபடி ஒரு நிமிடம்.

இதன் பயன் எங்களுக்கு எடிட்டர் வீட்டில்தான் தெரிந்தது. இரண்டு வசனத்துக்கு நடுவில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் ஒரு பள்ளம் விழும். காதில் பட்டென்று தெரியும். அந்தப் பள்ளத்தை அந்த ஒரு நிமிடத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்து நிரப்பினான். அதுவரைக்கும் சவுண்டுக்காரியை நொச்சு நொச்சென்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று ராத்திரி அவளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினான். பெரிதாக ஒன்றுமில்லை. “ரூம் டோன் சூப்பர்” என்று இரண்டு வார்த்தை. அவள் அதை ரொம்ப நாள் அழிக்காமல் வைத்திருந்தாள்.

எடிட்டரை ஷூட்டிங்குக்குக் கூட்டி வந்தது நாங்கள் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம். முதலில் அவன் வரவில்லை. எடிட்டருக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோருமே நினைத்தோம். ஆரம்ப நாட்களில் எடுத்ததை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தவன், மறுநாள் நேராக லொகேஷனுக்கு வந்து டைரக்டர் பக்கத்தில் நின்றான். பிரச்சினை என்னவென்றால், எங்கள் டைரக்டர் நடிகர் கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்த அதே நொடியில் கட் சொல்வான். சில சமயம் கடைசி எழுத்து வாயில் இருக்கும்போதே சொல்வான். கேமராக்காரன் அதற்கும் முன்னால் நிறுத்திவிடுவான். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குப் போவதற்கு எடிட்டருக்கு மூச்சுவிட இடமில்லை. “வசனம் முடிஞ்சதும் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு, அப்புறம் கட் சொல்லு. கட் சொன்னப்புறம் நீ அஞ்சு எண்ணு, அப்புறம் கேமராவை நிறுத்து” என்று இருவருக்கும் உத்தரவு போட்டான். இந்த ஐந்து விநாடியில் நடிகர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதாவது செய்வார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள், தாளைத் தடவுவார்கள். படத்தின் நல்ல இடங்களில் சில அங்கிருந்து வந்தவை.

பிலிமில் எடுத்த காலத்தில் இதை யாரும் இவ்வளவு தாராளமாகச் செய்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். 35 எம்எம்மில் 400 அடி ரோல் ஏறக்குறைய நாலரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். ஐந்து விநாடி என்றால் அது காசு. எங்களுக்கு மெமரி கார்டில் இடம் இருந்தது. அந்த ஒரு வசதியை ஒழுங்காகப் பயன்படுத்தவே எங்களுக்கு ஒருவன் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. டைரக்டர் அந்த ஐந்து விநாடியைத் தனக்காக எண்ணவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு மாடி அறையில் லேப்டாப் முன்னால் உட்காரப்போகிறவனுக்காக எண்ணினான். ரூம் டோன் எடுத்தவளும் அப்படித்தான். நான்கு வரித் தாளைத் தயார் செய்த எனக்கு அந்தத் தாளால் அன்றைக்கு ஒரு பலனும் இல்லை. எந்த டேக் ஓகே, எதில் வசனம் சரி ஆனால் கை தப்பு, எந்தக் கோப்பு எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்று ஷாட் ஷாட்டாக எழுதி வைத்த நோட்டை நான் ஒரு முறைகூடத் திருப்பிப் படிக்கவில்லை. அது நான் படிப்பதற்கு எழுதியதல்ல. நம் வேலை சரியா என்பது அடுத்தவன் கைக்குப் போன பிறகுதான் தெரியும். வகுப்பில் மூன்று வருடமாக நாங்கள் எழுதியதெல்லாம் திருத்துகிற வாத்தியாரோடு முடிந்துபோகும் காகிதங்கள். வேறொருவர் கையில் எடுத்து அதன்மேல் வேலை செய்யப்போகிற ஒன்றை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

கார்டை அழிப்பதற்கு என்றே ஒரு சட்டம் வைத்திருந்தோம். இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகு, நானும் எடிட்டரும் சரி என்று சொன்னால்தான் ஃபார்மேட். இதைக் கேட்டுச் சிரித்த இன்னொரு குழு ஒரு முழு நாள் படப்பிடிப்பை அப்படியே தொலைத்தார்கள். ஒருவன் ஏற்றியாகிவிட்டது என்று நினைத்தான், மற்றவன் அழித்தான். இருவருமே நல்ல பையன்கள். எங்களைவிடத் திறமைசாலிகள்கூட.

இப்போது நான் தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறேன். சினிமாவுக்கும் இதற்கும் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு எண். அந்தக் கடைசி எண், முன்னால் இருப்பவை சரிதானா என்று சோதிப்பதற்காகவே இருப்பது. சீல் எண் ஒன்று தனியாக உண்டு. கதவில் இருக்கும் சீலும் காகிதத்தில் இருக்கும் சீலும் ஒன்றாக இல்லையென்றால், கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் நான் பார்த்தே இராத ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். ஷிஃப்ட் மாறும்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் எழுதி வைத்துவிட்டுப் போவேன். புதிதாக வந்தவர்கள் ஆரம்பத்தில் என்னை நொச்சு என்பார்கள். பரவாயில்லை, அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே பரிச்சயம்.

கல்லூரி மதிப்பீட்டில் இதெல்லாம் எங்கே வந்தது என்று கேட்டால், வரவில்லை. குழுவுக்கு ஒரு மார்க், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தனி மார்க். வைவாவில் டைரக்டரிடம் கதையின் உட்பொருள் கேட்டார்கள், கேமராக்காரனிடம் லைட்டிங் கேட்டார்கள். சவுண்டுக்காரியிடம் எந்த மைக் என்று மட்டும் கேட்டார்கள். என்னிடம் பட்ஜெட் எவ்வளவு என்றார்கள். சொன்னேன். கணக்கு நோட்டை நீட்டினேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. குழுவாகச் செய்கிற வேலைக்கு மார்க் போடும் முறை இன்னும் இப்படித்தான் இருக்கிறது என்று இப்போது படிப்பவர்கள் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்ததற்கு மார்க். சவுண்டு சரியாக இருந்தால் யாருக்கும் தெரியாது, கண்டினியூட்டி சரியாக இருந்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. எடுத்த படத்தோடு அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்தாலே போதும், யார் என்ன செய்தார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். யாராவது ஒரு வாத்தியார் இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

கடைசிச் சண்டை டைட்டில் கார்டில் வந்தது. ஆர்ட் பார்க்க வேண்டியவன் இருந்தானே, அவன் முதல் இரண்டு நாளோடு சரி. அக்கா கல்யாணம், காய்ச்சல், பைக் ரிப்பேர் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவன் வேலையையும் நானும் சவுண்டுக்காரியும் பிரித்துக்கொண்டோம். ‘கலை’ என்று அவன் பெயரைப் போடக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். பெயர் இல்லாவிட்டால் அவனுக்கு மார்க் வராது, பாவம் என்றான் டைரக்டர். நட்பு ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். எடிட்டிங் அறையில் அதற்கே ஒரு ராத்திரி போனது. பொய்யாகப் பெயர் போட வேண்டாம், அவன் உண்மையில் என்ன செய்தானோ அதைப் போடுவோம் என்று நான் சொன்னேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தோம். முதல் நாள் லைட்டையும் தெர்மோகோலையும் ஏற்றி வந்தது அவர்கள் வீட்டு ஆம்னி வேன். ஆகவே ‘வாகன உதவி’ என்று அவன் பெயரைப் போட்டோம். சவுண்டுக்காரியும் ஒப்புக்கொண்டாள்.

திரையிட்ட அன்று அவன் குடும்பத்தோடு வந்திருந்தான். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது வீட்டார் எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் அவன் அப்பா என்னைத் தேடி வந்தார். கோபமெல்லாம் இல்லை, ஆனால் விஷயத்தில் தெளிவாக இருந்தார். “வேன் என் பேருலல்லாம்மா இருக்கு, அவன் பேரைப் போட்டுருக்கிய?” என்றார்.